பறஞ்சா என்னவாக்கும்?

சென்னைக்கும் கோவைக்கும் படிக்கப் போகும் நம்ம குமரி மாவட்டப் பிள்ளைகள் போன வேகத்தில் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். ‘பறஞ்சேன்’ போய் ‘சொன்னேன்’ வருகிறது. ‘விளிச்சேன்’ போய் ‘கூப்பிட்டேன்’ வருகிறது. ‘பேசாமல் இரு’ என்பதற்கு ‘மிண்டாம இரி’ என்றால் அறையே சிரிக்கும் என்பதால் அதை அடியோடு விட்டுவிடுகிறார்கள். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி வரும்: “நீ மலையாளியா?”

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். மலையாளத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டினால் எங்களுக்குச் சொந்தபந்தம் இருக்கும் ஊர்கள்தான். எல்லையோரத்தில் இரண்டு பக்கமும் ஒரே சொல் புழங்குவது இயல்பு. ஆத்திரம் எதற்கென்றால், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. தமிழ்ப் பகுதிகளைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டவர்கள் அன்று குண்டடிபட்டுச் செத்தார்கள். மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தால்தான் 1956 நவம்பர் 1-ல் இந்த மாவட்டம் இந்தப் பக்கம் வந்தது. போராடியவர்கள் வீட்டில் என்ன ரேடியோச் செய்தித் தமிழா பேசினார்கள்? பறைந்தும் விளித்தும் வளர்ந்தவர்கள்தானே தமிழுக்காக வீதியில் இறங்கினார்கள்! அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் போய் நீ தமிழனா என்று கேட்பது என்ன நியாயம்? பறைதல் என்றால் சொல்லுதல் என்று தமிழ் அகராதியிலேயே இருக்கிறது. விளி வேற்றுமையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்துத்தான் பாஸாகியிருக்கிறோம்.

எங்கள் பேச்சு தனி அழகு. மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி இல்லை, தோவாளைப் பக்கம் ஒரு தினுசு, விளவங்கோட்டில் ஒரு தினுசு, கடற்கரையில் வேறு. எனக்கு ரொம்பப் பிடித்தது ‘சவத்தத் தள்ளு’, அதாவது ‘அதை விட்டுத்தள்ளு’. வெளியூர்க்காரர் கேட்டால் பதறிப்போவார். ஒருமுறை பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டருக்கும் ஒரு இளைஞனுக்கும் வாய்த்தகராறு முற்றியது. சட்டையைப் பிடிக்கும் கட்டம். பின் சீட்டில் இருந்த பெரியவர் எழுந்திருக்கக்கூட இல்லை. “சவத்தத் தள்ளு மக்களே, அவன் வல்லதும் பறஞ்சிட்டுப் போறான், கேட்டியா?” என்றார். கண்டக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். அவரைத்தான் பிள்ளையைக் கூப்பிடுவது போல ‘மக்களே’ என்றார். “இல்ல அண்ணாச்சி, அவன் பேசினத கேட்டியளா...” என்று முனகியபடியே கண்டக்டர் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். தள்ளச் சொன்னது சண்டையை. யார் பக்கம் நியாயம் என்று பெரியவர் தீர்ப்பு சொல்லவில்லை, யாரையும் தாழ்த்தவும் இல்லை. இதை எழுத்துத் தமிழில் ‘தயவுசெய்து விட்டுவிடுங்கள்’ என்று சொல்லியிருந்தால் கண்டக்டர் அவர் மேலும் பாய்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கடைசி ‘கேட்டியா’வும் சும்மா வருவதில்லை. எதிரில் இருப்பவனையும் பேச்சுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். ‘பாத்துக்கிடுங்க’ செய்வதும் அதைத்தான்.

இப்போது பிள்ளைகள் வாயில் ‘உருட்டாத’, ‘கலாய்க்காத’ எல்லாம் ரீல்ஸ் வழியாக வந்திருக்கிறது. வரட்டும், அதுவும் தமிழ்தான். ஆனால் அதே ரீல்ஸில் குமரிப் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் கோமாளியின் வாயில்தான் வருகிறது. அதைப் பார்த்து நாமே சிரித்து ஷேர் பண்ணுகிறோமே, அது வலிக்கிறது.

அதைவிட மோசம் வீட்டில் நடப்பது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குப் பக்கத்தில் ஒரு சின்னப்பிள்ளை ஓடிவந்து, “அம்மா, மாமா விளிக்காரு” என்றது. “கூப்பிடுறார்னு சொல்லு” என்று எல்லார் முன்னாலும் அதட்டினார் தாய். பக்கத்தில் வெளியூர்ச் சம்பந்திகள். பிள்ளை முகம் சுருங்கிப்போனது. மாமா எதற்கு விளித்தார் என்பதை யாரும் கேட்கவே இல்லை.

பரீட்சைத் தாளில் ‘பறஞ்சான்’ என்று எழுதினால் மார்க்கைக் குறைக்கட்டும், சரி. எழுத்துத் தமிழ் கற்றுக்கொடுக்கப் பள்ளி இருக்கிறது, வாத்தியார் இருக்கிறார். அப்புறம் நாம் எதற்கு அடுக்களையில் சிவப்பு மையோடு நிற்க வேண்டும்? ஆச்சியும் தாத்தாவும் இருக்கும் வீடுகளிலாவது பிள்ளைகளைத் திருத்தாமல் விடுங்கள். அவர்களோடு பேசிப் பேசித்தான் இந்தப் பேச்சு பிள்ளைகளுக்கு வரும், அதற்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது.