தோடா சால்வையில் 'புதுமை' செய்யக் கிளம்புகிறவர்களுக்கு

ஆசியப் பாரம்பரியம், கலைக் கூட்டுமுயற்சி என்று சொல்லிக்கொண்டு சீசனுக்குச் சீசன் ஊட்டிக்கு டிசைனர்கள் வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் வரும்போதே காகிதத்தில் படம் வரைந்து கொண்டுவருகிறார்களே, அங்கேதான் கோளாறு.

பூத்துக்குளி என்கிற இந்தப் பூவேலைச் சால்வை ஏற்கெனவே கூட்டு வேலை. நீலகிரிப் பழங்குடியான தோடர்கள் நெய்வதில்லை. துணி கீழ்நாட்டுத் தறியில் நெய்தது, ஊசி மட்டும் மந்து எனும் தோடர் குடியிருப்புப் பெண்களுடையது. தோடர் நெய்யும் கோத்தர் பானையும் படகர் தானியமும் குறும்பர் தேனும் கைமாறி வந்த மலை இது.

இந்த வேலைக்குத் துணியை இழுத்துக் கட்டும் சட்டம் கிடையாது, அச்சு கிடையாது. இழையை எண்ணித்தான் ஊசி போகும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது துணி. 48 இழை அகலம், 48 இழை உயரம் கொண்ட ஒரு பூவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு பாவு (நெடுக்கு இழை) 24, ஊடை (குறுக்கு இழை) 24 என்றால் 2 அங்குலச் சதுரமாக வரும். ஊடை 32 ஆகிவிட்டால் உயரம் ஒன்றரை அங்குலத்துக்குச் சுருங்கி, பூ நசுங்கிக் கிடக்கும். நைசான லினனைக் கொடுத்தால் இழையே கண்ணுக்குத் தெரியாது. பழியோ தைத்தவர் தலையில்! ஒரு ஸ்கேலை வைத்து இரு பக்கமும் எண்ண ஐந்து நிமிஷம் ஆகுமா?

ஒரே ஓர் இழை தப்பினாலும் அப்போது தெரியாது. நாலைந்து வரிசை தாண்டி, நடுவில் முனைகள் சேராதபோதுதான் தெரியும். அதுவரை போட்டதைப் பிரிக்க வேண்டும். நூலை இறுக்கி இழுத்தால் துவைத்ததும் துணி சுருங்கும். அதனால்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் பொடி வளையம் விடுகிறார்கள். அதைப் 'பிசிறு' என்று நினைத்துக் கத்தரித்த புண்ணியவான்களும் உண்டு.

2013இல் புவிசார் குறியீடு வந்தும் போலி நிற்கவில்லை. வாங்கும்போது பின்பக்கம் திருப்புங்கள். அடியில் தாள் மாதிரி ஒட்டுத்துணியும் வேறு நிற நூலும் இருந்தால் மெஷின். கைவேலையில் இரண்டு பக்கமும் பார்க்க லட்சணமாகவே இருக்கும். முதல் அலசல் தனியாக, பச்சைத் தண்ணீரில். அக்ரிலிக் நூல் என்றால் இஸ்திரிப் பெட்டியை நேரே வைக்காதீர்கள், நசுங்கிப் பளபளத்துவிடும்.

சால்வை விற்கும் ஸ்டாலில் சாப்பாடும் வைப்பதானால் மோரில் வெந்த சோறு வையுங்கள். அரிசியை மோரோடு குளிரக் குளிரவே அடுப்பேற்றி, சிறு தீயில் கை விடாமல் கிளற வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் திரிந்துவிடும். உப்பு கடைசியில், மேலே ஒரு கரண்டி நெய். கடைசியாக, தைப்பவர்களின் கூலியை மட்டும் 'பீஸ்' கணக்கில் பேசாதீர்கள், எண்ணிய இழைக்குப் பேசுங்கள். அடர்ந்த பூவும் ஒற்றைக் கரையும் ஒரே விலையா?