ஆறு மாதக் கணக்கு எதற்கு?
ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன்விவரக் குறிப்பைப் (ரெஸ்யூமே) புதுப்பித்தால் போதும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பதவியின் பெயரும் பணியில் சேர்ந்த தேதியும் எங்கும் ஓடிவிடாது. மறந்துபோவது வேலையின் விவரங்கள்தான். எத்தனை பேரை வழிநடத்தினோம், செலவு எவ்வளவு குறைந்தது, எந்த மென்பொருளில் செய்தோம் என்பதையெல்லாம் அந்தப் பணி முடிந்த கையோடு எழுதிவைத்தால்தான் உண்டு. ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்ட என் முன்னாள் சக ஊழியருக்கு அன்று மாலையே அலுவலக மின்னஞ்சல் முடக்கப்பட்டது. ஆண்டு மதிப்பீடுகள், வாடிக்கையாளர்களின் பாராட்டுக் கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான் கிடந்தன. (நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லவில்லை; நம் பங்களிப்பை நம் சொற்களில் குறித்துக்கொள்வது வேறு.) அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், இப்படி எல்லாவற்றையும் சேர்த்தால் பத்துப் பக்கம் ஆகிவிடுமே என்கிறார். ஆகட்டுமே! அது நமக்கு மட்டுமான மூலக்கோப்பு. விண்ணப்பிக்கும்போது அந்த வேலைக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்து இரண்டு பக்கத்துக்குள் அடக்கிக்கொள்ளலாம். உண்மையில் பலருக்குச் சேர்ப்பதைவிட நீக்கத்தான் மனம் வருவதில்லை. பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவர் பள்ளி மதிப்பெண்ணை இன்னும் எதற்காகச் சுமக்கிறார்?