கன்று நட்ட மறுநாள் யார் வருகிறார்கள்?

சுற்றுச்சூழல் தினம் வந்தால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு கன்றைக் கையில் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். மறுநாள் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

1977இல் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு சுற்றுச்சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. நாம் முதல் இரண்டோடு நின்றுவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து பார்க்கிற பொதுத் தோட்டத்தில் ஒரு பாத்தியை முழுப் பருவத்துக்கும் பிள்ளைகளிடமே விட்டுவிட வேண்டும். விதை போடுவதில் தொடங்கி அந்தச் செடியிலிருந்தே மறுபடி விதை எடுப்பது வரை. (வீரிய ஒட்டு ரகம் வேண்டாம். அதன் விதையைப் போட்டால் தாய்ச்செடி மாதிரியே வராது.) என்ன போடுவது, எப்போது தண்ணீர் விடுவது என்ற முடிவெல்லாம் அவர்களுடையது. செடி வாடினால் வாடட்டும். ஏன் வாடியது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இலைக்கு அடியில் அசுவினி மொய்த்தால் உடனே மருந்தைத் தேடுவது பெரியவர்களின் பழக்கம். கொஞ்சம் பொறுத்தால் பல நேரம் பொறிவண்டு வந்து முட்டையிடும். அதன் புழு வண்டைப் போலவே இருக்காது. பல வகைகளில் கறுப்பும் ஆரஞ்சும் கலந்து நீளமாக இருக்கும். கெட்ட பூச்சி என்று நினைத்து அதைத்தான் நசுக்கிவிடுகிறோம். அது அசுவினியைப் பிடித்துத் தின்பதை லென்ஸ் வழியாகப் பார்த்த பிள்ளை அப்புறம் மருந்து டப்பாவை அவ்வளவு சுலபமாகக் கையில் எடுக்காது. அதே மாதிரி, நன்கு வளர்ந்த அவரைச் செடி ஒன்றை மெதுவாகப் பிடுங்கி வேர் முடிச்சைக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற பாக்டீரியா அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் தோட்டத்திலேயே நல்ல வகுப்பறை கம்போஸ்ட் (மக்கு உரம்) குவியல்தான். காய்ந்த இலையில் கார்பன் அதிகம், காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம். கார்பன் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு என்று அமைந்தால், ஒரு கன மீட்டர் குவியல் தானாகவே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது, காற்று போதவில்லை என்று அர்த்தம். காய்ந்த இலையைப் போட்டுக் கிளறினால் சரியாகிவிடும். அதே கழிவு குப்பைக் கிடங்கில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வெளியேறும். உலகில் விளையும் உணவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2011இல் மதிப்பிட்டது. குவியலைக் கிளறிய பிள்ளையிடம் அந்தக் கணக்கைச் சொன்னால் மனசில் தங்கும்.

இதைப் பள்ளிக்குள்ளேயே செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் விடுமுறையில் பள்ளித் தோட்டம் காய்ந்துவிடும். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து பார்க்கிற பொதுத் தோட்டத்தில் முறை வைத்துத் தண்ணீர் விட ஆள் இருப்பார்கள். தாத்தா வயதுக்காரரும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே பாத்தியில் களை எடுப்பார்கள்.

பொதுத் தோட்டம் இன்னொன்றையும் கற்றுத்தரும்: நிலம் யாருடையது? நியூயார்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் நண்பர்களும் குப்பை கிடந்த காலி மனையைத் தோட்டமாக்கினார்கள். அப்புறம் நகரெங்கும் அப்படிப் பல தோட்டங்கள் உருவாயின. 1999இல் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விட நகர நிர்வாகம் முனைந்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் தன்னார்வ அமைப்புகள் அவற்றை விலைக்கு வாங்கிக் காப்பாற்றின. மனு எழுதுவதும் கூட்டத்தில் எழுந்து பேசுவதும் தோட்ட வேலையில் சேர்த்திதான்.

அதனால் ஒரு கோரிக்கை. உங்கள் பகுதியில் பொதுத் தோட்டம் இருந்தால், அதன் குழுவில் பதின்வயதுப் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது ஓட்டுரிமையோடு இடம் கேளுங்கள். தண்ணீர் முறைப் பட்டியலையும் கதவுச் சாவியையும் அவர்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.