டெல்லிக் காற்றை அந்தக் கோபுரம் சுத்தமாக்கியதா?

"டெல்லி கனாட் பிளேஸில் வைத்த ஒரே கோபுரம் நகரம் முழுக்கக் காற்றைச் சுத்தமாக்கிவிட்டது, எல்லா ஊரிலும் வைக்கச் சொல்லுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

'ஸ்மாக் டவர்' எனப்படும் அந்தக் காற்றுச் சுத்திகரிப்புக் கோபுரம் இருப்பது உண்மை. 2021 ஆகஸ்டில் திறந்தார்கள்; உயரம் சுமார் 24 மீட்டர். இயங்கும்போது மேலே காற்றை உறிஞ்சி, வடிகட்டி, அடியில் உள்ள 40 மின்விசிறிகள் வழியாக வெளியே தள்ளும். விசிறிக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத் தூசு குறைந்த காற்று கிடைக்கும், சரி. கொஞ்சம் தள்ளிப் போனால் பழைய புகைதான். திறந்தவெளிக் காற்றை அடைத்து வைக்க முடியாதே! இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடம் சொல்லிவிட்டது. அதோடு, இது பிடிப்பது தூசுத் துகளைத்தான். கரியமில வாயுவை அல்ல.

புகை கிளம்பும் இடத்திலேயே அடக்குவதுதான் வேலைக்கு ஆகும். உச்ச நீதிமன்றம் 1998ல் உத்தரவிட்டு, 2002 இறுதிக்குள் டெல்லி நகரப் பேருந்துகள் டீசலை விட்டு சிஎன்ஜி என்ற அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறின. சிக்னலில் பேருந்துக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நின்று கரும்புகை குடித்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அப்புறம் மெட்ரோ வந்தது, இப்போது மின்சாரப் பேருந்துகள். ஈரக் குப்பையைப் பிரித்து உரமாக்கினால் டெல்லியின் காஜிப்பூர் குப்பை மலையில், குப்பை அழுகும்போது வரும் மீத்தேன் வாயுவும் குறையும்.

சந்தேகமிருந்தால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் நவம்பர் மாதத்தில் டெல்லியின் காற்று மாசு அளவைப் பாருங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.