குற்றவாளி அந்த மஞ்சள் வயர்தான்

நேற்றைய கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். மற்றவர்களுக்கு: பழைய கேம் கன்சோலைப் புது டிவியில் மாட்டினால் படம் மங்குவதற்குக் காரணம் வயர்தான் என்று எழுதினேன், அதற்கு ஒரு பதில் வந்தது. "பழைய கேம்னா மங்கலாத்தான் இருக்கும், கண்ணாடி போடு" என்ற அந்த ஒரு வரிக்கு நாற்பது சிரிப்பு இமோஜி. உட்கார்ந்து எண்ணினேன். எண்ணியதே கேவலம்தான், சரி.

திரும்பச் சொல்கிறேன். மங்கலுக்குக் காரணம் கன்சோல் இல்லை, படத்தை டிவிக்குக் கொண்டுபோகும் மஞ்சள் வயர் (காம்போசிட்). வெளிச்சமும் நிறமும் அதில் ஒன்றாகக் கலந்து வருகின்றன. கலந்ததை டிவியால் சுத்தமாகப் பிரிக்க முடியாது. எஸ்-வீடியோ என்ற வேறு வகை வயரில் இரண்டும் தனித்தனி. ஆர்ஜிபி, காம்போனென்ட் வகை வயர்கள் இன்னும் தெளிவு. பிளேஸ்டேஷன் 2-க்குக் காம்போனென்ட் கேபிள் கிடைக்கும். பெட்டியோடு வந்த வயரையே செருகிவிட்டு மெஷினைத் திட்டுவது என்ன நியாயம்?

அடுத்து டிவி. சூப்பர் நின்டெண்டோ, முதல் பிளேஸ்டேஷன் கேம்களில் பெரும்பாலானவை 240பி, அதாவது ஒவ்வொரு முறையும் 240 கோடுகளில் முழுப் படம். பல புது டிவிகள் அதை 480ஐ, அதாவது பாதிப் பாதியாக வரும் 480 கோட்டுப் படம் என்று நினைத்து, இல்லாத பாதிகளை ஒட்டப் பார்க்கும். அடிபட்ட ஹீரோ மினுக் மினுக்கென்று மின்ன வேண்டும். இங்கே ஒன்று ஆளே காணாமல் போவான், இல்லையென்றால் சீப்புப் பல் மாதிரி கிழிந்து நிற்பான்.

"மலிவா ஒரு ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வாங்கலாமே?" வாங்கினேன் ஐயா. அதிலும் அதே மஞ்சள் வயர்தான் போகிறது. அழுக்குச் சட்டைக்கு இஸ்திரி. ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற பழைய கன்சோலுக்கான கன்வெர்ட்டர்கள் 240பியை 240பியாகவே நடத்தும். விலை அதிகம், தெரியும். அதைப் பற்றிப் பேச இப்போது மனமில்லை.

"மஞ்சள் வயர்தான் ஒரிஜினல் அழகு" என்பவர்களுக்கு: சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் சோனிக் கேமில் வரும் அருவியின் கோடுகள் அந்த வயரில் கரைந்து கண்ணாடித் தண்ணீராகத் தெரியும், உண்மை. ஓர் அருவிக்காக எல்லா கேமையும் தண்ணீரில் ஊறப்போட வேண்டுமா? அந்த சோனிக்கையும் பழைய டிவியின் 4:3 வடிவத்திலிருந்து புது டிவியின் 16:9 அகலத்துக்கு இழுத்துப் பூசணிக்காய் ஆக்கிவிட்டு அழகு பேசுகிறார்கள்!

போன வருடம் அண்ணன் வந்தபோது பழைய மெஷினை ஆசையாக மாட்டினேன். பெட்டி டிவி முன்னால் தோளோடு தோள் இடித்து விளையாடியவர்கள் நாங்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "இவ்வளவு மட்டமாவா இருந்துச்சு? இதுக்கா அடிச்சுக்கிட்டோம்?" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். மட்டமாக இருக்கவே இல்லை. அந்தப் பெட்டி டிவி வந்த கோடுகளை வந்தபடியே வரைந்தது. அன்று இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன்.

நேற்றுச் சிரித்த நாற்பது பேரில் அவனும் ஒருவன்.

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வா. இரண்டாவது கன்ட்ரோலரைத் துடைத்து வைத்திருக்கிறேன். வயரை மட்டும் நீ தொடாதே.