ஆயிரம் ரூபாய்க்கு அலைந்ததில் ஐந்து நாள் கூலி போச்சு

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவன் நான். மகள் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, கோவையில் சாண்ட்விச் டிப்ளமோ சேர்ந்திருக்கிறாள். மூன்றரை வருஷப் படிப்பில் இரண்டு தடவை, ஆறாறு மாதம், கம்பெனியில் பயிற்சி இருந்தாக வேண்டும். போகாவிட்டால் டிப்ளமோவே கிடையாது. அப்படியென்றால் அது படிப்பா, வேலையா?

படிப்புதான் என்று எனக்குத் தெரிகிறது. ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவில்லை.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் 2022 செப்டம்பரிலிருந்து கொடுக்கிறார்கள். வேறு உதவித்தொகை வாங்குகிற பிள்ளைகளுக்கும் அது உண்டு. மகள் பம்ப் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போன மாதத்திலிருந்து பணம் வரவில்லை. ஆபீஸில் கேட்கப் போனால், தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒரு பதில்: "ஏனுங்க, புள்ளதான் சம்பாதிக்குதே, அப்புறம் எதுக்குங்க ஆயிரம்?"

சம்பாதிக்கிறதாம்! கம்பெனி கொடுப்பது ஆறாயிரம். காலை ஏழு மணி ஷிப்டுக்கு இலவச டவுன் பஸ்ஸை நம்பினால் கேட் மூடிவிடும் என்று கணபதியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வாடகை, மெஸ், இரும்பு மூக்கு வைத்த ஷூ எல்லாம் போக மிச்சம் என்ன இருக்கும்? போன மாதம் நான்தான் ஐந்நூறு கொடுத்தேன்.

சரி, விதி அப்படித்தானோ என்று பயந்துவிட்டேன். இதற்காக ஐந்து நாள் தறியை நிறுத்தினேன். தறி நின்றால் துணி மீட்டர் ஏறாது, சனிக்கிழமை கூலி குறையும். எங்கள் முதலாளி நல்லவர், முறைத்ததோடு விட்டார். கல்லூரியில் ஆபீஸுக்குப் போ என்றார்கள், ஆபீஸுக்குப் போனால் கல்லூரியில் கடிதம் வாங்கி வா என்றார்கள். கடிதம் கொண்டு போனால் சீல் மங்கலாக இருக்கிறதாம்.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் மகளைப் போனில் வைத்துக்கொண்டு ஆதார் தளத்தில் பார்த்தான். இரண்டே நிமிடம். பயிற்சியில் சேர்ந்த அன்று கம்பெனியில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஏதோ ஒரு வங்கியில் கணக்குத் திறந்திருக்கிறார்கள். கார்டு வரத் தாமதமானதால் கம்பெனிக்காரர்கள் பயிற்சிப் பணத்தைப் பழைய கணக்கிலேயே போட்டுவிட்டார்கள். புதுக் கணக்கை நாங்களும் மறந்துவிட்டோம். ஆதார் வழியாக வருகிற அரசுப் பணம் கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை, கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தோமோ அங்கே போய்விடும். நான்கு மாதப் பணமும் அங்கே கிடந்திருக்கிறது!

யாரும் நிறுத்தவே இல்லை. "சம்பாதிக்குதே" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னவர், கம்ப்யூட்டரைத் தட்டி ஒரு தடவை பார்த்திருந்தால் என் கூலி மிஞ்சியிருக்கும். பாவு நூல் அறுந்தால் எங்கே அறுந்தது என்று பார்த்துத்தான் முடிச்சுப் போடுவோம். இவர் தறியையே கழற்றி எடுத்துப் போகச் சொல்கிறார்.

வங்கிக்குப் போனேன். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதிலும் பிடித்திருக்கிறார்களாம். ஆதாரைப் பழைய கணக்குக்கு மாற்ற மகளே நேரில் வர வேண்டுமாம். அவள் ஒரு நாள் லீவு போட்டால் கம்பெனியில் அந்த நாள் பணம் கிடையாது.


செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.