ராக் ஓபராவுல கதையத் தேடாதீங்க

ராக் ஓபரான்னா ஒரே கதைய ஆல்பம் முழுக்க ராக் பாட்டாவே சொல்றது. தி ஹூ பேண்டோட 'டாமி' அப்படி ஒண்ணு, அந்தக் கதைய யாருக்காவது வாயால சொல்லிப் பாருங்க. போர்ல செத்துட்டதா நெனச்ச அப்பன் திரும்பி வர்றான், வீட்ல அம்மா வேற ஒருத்தனோட இருக்கா, அப்பன் அவனக் கொன்னுடுறான், அத கண்ணாடியில பாத்துட்ட சின்னப் பையன்கிட்ட நீ எதையும் பாக்கல எதையும் கேக்கல எவன்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு ரெண்டு பேரும் மிரட்ட, பையனுக்கு கண்ணு காது வாய் மூணும் போயிடுது. சரி, இது வரைக்கும் ஓகே. அப்புறம் அவன் பின்பால் (குண்டு உருட்டி ஆடுற மெஷின் விளையாட்டு) சாம்பியன் ஆகுறான். அப்புறம் குணமாகி சாமியார் ஆகுறான். அப்புறம் பக்தர்கள் எல்லாம் கண்ணையும் காதையும் அடைச்சிக்கிட்டு பின்பால் ஆடணும்னு சொல்றான், அவங்க எரிச்சலாகி கிளம்பிடுறாங்க. முடிஞ்சுது. கேட்டவன் மூஞ்சியப் பாருங்க, ஏன்டா இதையா ரெண்டு எல்பிக்கு (அந்தக் காலத்து இசைத்தட்டு) இழுத்தானுங்கன்னு கேப்பான்.

கேக்கத்தான் செய்வான். ராக் ஓபராவோட கதைகள் முக்காவாசி இப்படித்தான், அத வச்சு மார்க் போட்டா ஒண்ணு கூட பாஸ் ஆகாது. அந்த பின்பால் கூட ஆரம்பத்துல இல்ல. நிக் கோன்னு ஒரு விமர்சகர், அவருக்கு பின்பால்னா உயிரு, ஆல்பம் ரொம்ப சீரியஸா இருக்குன்ற மாதிரி சொல்லிட்டாராம், உடனே பாட்டெழுதின பேண்ட் கிடாரிஸ்ட் பீட் டவுன்செண்ட் ஹீரோவ பின்பால் ஆட விட்டுட்டாரு. ஒரு விமர்சகரோட மனசு குளிர வச்ச அந்தப் பாட்டுதான் ஆல்பத்துலயே பெரிய ஹிட்டு. இப்படித்தான் கதை எழுதுறாங்க இவங்க.

அப்போ எதுக்குக் கேக்கணும்? என் பதில் ஒண்ணே ஒண்ணுதான். திரும்பி வர்ற மெட்டுக்காக. முதல் தடவ ஒரு அர்த்தத்துல வந்த அதே ட்யூன் அரை மணி நேரம் கழிச்சு வேற ஒருத்தன் வாயில, வேற ஒரு நெலமையில வரும்போது உள்ள ஏதோ பிசையும் பாருங்க, அது தனிப்பாட்டுல கிடைக்கவே கிடைக்காது. 'டாமி'ல 'சீ மீ ஃபீல் மீ'ன்னு ரெண்டு வரி. முதல்ல 'கிறிஸ்மஸ்' பாட்டு நடுவுல வருது, சுத்தி எல்லாரும் பண்டிகை கொண்டாடுறாங்க, அப்பன் கேக்குதாடா கேக்குதாடான்னு கத்துறான், திடீர்னு எல்லாம் அடங்கி பையன் உள்ளுக்குள்ளேர்ந்து என்னப் பாருங்க என்னத் தொடுங்கன்னு கெஞ்சுறான். அதே வரி கடைசியில, பக்தர்கள் எல்லாம் விட்டுட்டுப் போனப்புறம், இப்போ அவனுக்கு எல்லாம் தெரியும் எல்லாம் கேக்கும், ஆனா அதே கெஞ்சல். கதையில இருக்குற ஓட்டை எல்லாம் அந்த எடத்துல மறந்து போயிடும். 1969ல வுட்ஸ்டாக் இசை விழாவுல இவங்க மேடையேறும்போதே விடியற நேரம், இந்த எடம் வரும்போது சூரியன் வந்துச்சுன்னு சொல்வாங்க, அத லைட்டிங் செலவே இல்லாத மேடை அமைப்புன்னுதான் சொல்லணும்.

இன்னொண்ணு, இந்த ஆல்பத்துக்குப் பின்னாடி ஒரு இந்தியத் தொடர்பு இருக்கு. டவுன்செண்ட் அப்போ மெஹர் பாபாவோட பக்தர். புனேல பொறந்து, 1925லேர்ந்து மௌனம் காத்து, 1969 ஜனவரியில சாகுற வரைக்கும் வாயத் திறக்காத மனுஷன். ஆல்பம் அதே வருஷம் மே மாசம் வருது, அட்டையில அவதார்னு போட்டு அவர் பேரு இருக்கும். பேசாத குருவ நம்பினவரு பேச முடியாத பையனப் பத்தி எழுதியிருக்காருன்னு பாக்கும்போது அந்தக் கிறுக்குக் கதைக்கு கொஞ்சம் வேர் இருக்குன்னு தோணுது. கொஞ்சம்தான்.

ஆனா இந்த மெட்டு விளையாட்டுல என்னோட நம்பர் ஒன் 'டாமி' கிடையாது. 'ஜீசஸ் க்ரைஸ்ட் சூப்பர்ஸ்டார்'. அதுவும் படம் இல்ல நாடகம் இல்ல, 1970ல வந்த ஒரிஜினல் ஆல்பம். ஆண்ட்ரூ லாய்ட் வெப்பரும் டிம் ரைஸும் அப்போ இருபது சொச்சம் வயசுப் பசங்க, மேடையில போட பணம் போட ஆள் கிடைக்காமதான் முதல்ல ரெக்கார்டா கொண்டு வந்தாங்க, பிராட்வே எல்லாம் அடுத்த வருஷம்தான். டீப் பர்ப்பிள் பேண்டோட பாடகர் இயன் கில்லன் ஜீசஸ், மர்ரே ஹெட் யூதாஸ் (ஆமா, பின்னாடி 'ஒன் நைட் இன் பாங்காக்' பாடின அதே ஆளு, அதுவும் ஒரு கான்செப்ட் ஆல்பத்துல, அதாவது எல்லாப் பாட்டும் ஒரே கருவச் சுத்தி வர்ற ஆல்பத்துல, இருந்து வந்ததுதான்), இவோன் எல்லிமன் மகதலேனா மரியாள். வாசிச்சதுல ஜோ காக்கரோட கிரீஸ் பேண்ட் ஆளுங்க இருக்காங்க, அதான் அந்த பேஸும் டிரம்ஸும் நாடகக் கொட்டகை மாதிரி இல்லாம நிஜ ராக்கா ஆடுது.

இதுக்கு இருக்குற பெரிய வசதி என்னன்னா கதை ஊருக்கே தெரியும். கூத்து பாக்கப் போறவனுக்கு திரௌபதி கதை தெரியாதா என்ன, அவன் போறது இன்னைக்கு துகில் உரியுறத எப்படிப் பண்றாங்கன்னு பாக்கத்தான். அதே மாதிரி இங்க கதை சொல்ற வேலையே இல்ல, அதனால முழு சக்தியும் மெட்டுல போட்டிருக்காங்க. உதாரணத்துக்கு கோயில் சீன். வியாபாரிங்க எருசலேம் ஜனங்களே வாங்க வாங்க, விலை கம்மின்னு கூவுறாங்க, தாளம் ஏழுல ஓடுது, நொண்டி நொண்டி ஓடுற மாதிரி ஒரு பதட்டம். ஜீசஸ் வந்து கத்தி எல்லாரையும் விரட்டுறாரு. அமைதி. கொஞ்ச நேரத்துல நோயாளிங்க வர்றாங்க, என் கண்ணப் பாரு, என் காலப் பாரு, தொட்டு குணமாக்குன்னு. அதே மெட்டு. அதே ஏழு தாளம். விக்க வந்தவனும் வேண்டிக்கிட்டு வந்தவனும் ஒரே ராகத்துல பிச்சு எடுக்குறாங்க, கடைசியில அவரு தாங்க முடியாம உங்களயே நீங்க குணப்படுத்திக்கோங்கன்னு அலறுறாரு. இத ஒரு வசனத்துல எழுதியிருந்தா பிரசங்கமா போயிருக்கும்.

அத விடப் பெரிய அடி யூதாஸ் சாகுற எடம். 'ஐ டோன்ட் நோ ஹவ் டு லவ் ஹிம்' எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு, மரியாள் பாடுறது, இவர எப்படி நேசிக்கணும்னே எனக்குத் தெரியலன்னு ஒரு பொண்ணோட தவிப்பு, ரேடியோல காதல் பாட்டாவே ஓடிச்சு. ரெண்டாவது எல்பில காட்டிக் குடுத்துட்டு வந்த யூதாஸ், தூக்கு மாட்டிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அதே வரிய அதே மெட்டுல பாடுவான். அவ்ளோதான். முப்பது வெள்ளிக்காசுக்காகப் பண்ணவன் இல்ல இவன், அவளுக்கு இருந்த அதே தவிப்பு இவனுக்கும் இருந்திருக்கு, சொல்லிக்க வழி இல்லாமப் போச்சுன்னு ஒரே நொடியில புரிய வச்சுட்டாங்க. எத்தன தடவ கேட்டாலும் அந்த எடத்துல கையில இருக்குற வேலைய நிறுத்திடுவேன். யூதாஸ் ஜீசஸ எச்சரிக்கிற முதல் பாட்டுல திரும்பத் திரும்ப வர்ற கிடார் ரிஃப்தான் பின்னாடி சவுக்கடி சீன்ல ஒவ்வொரு அடிக்கும் ஓடும், அதையும் கவனிச்சுக் கேளுங்க. அவன் எச்சரிச்சது நடக்குதுன்னு யாரும் சொல்லல, கிடார் சொல்லுது. லாய்ட் வெப்பரோட பின்னாடி வந்த மெகா ஹிட்டுங்க மேல எனக்குப் பெரிய மரியாதை கிடையாது, ஆனா இந்த ஒரு ஆல்பத்துக்காக அவர மன்னிச்சுடலாம்.

பிங்க் ஃப்ளாய்டோட 'தி வால்' பத்தி சொல்லலன்னா சண்டைக்கு வருவீங்க. 1979 நவம்பர். எல்லாருக்கும் தெரிஞ்சது ஸ்கூல் பசங்க கோரஸா படிப்பு வேணாம்னு பாடுற பாட்டு, ஸ்டுடியோவுக்குப் பக்கத்துல இருந்த இஸ்லிங்டன் கிரீன் ஸ்கூல் பசங்க 23 பேரப் பாட வச்சு, அத மேல மேல அடுக்கி பெரிய கூட்டமாக்கினது, அதுல வர்ற டிஸ்கோ பீட், தயாரிப்பாளர் பாப் எஸ்ரினோட ஐடியா. தனியா கேட்டா அது ஒரு கோஷம், அவ்வளவுதான். ஆனா 'அனதர் பிரிக் இன் தி வால், பார்ட் 2'ன்னு பேர்லயே இருக்கே, பார்ட் 1ம் 3ம் எத்தன பேரு கேட்டிருக்காங்க? பார்ட் 1ல அதே மெட்டு, கிட்டத்தட்ட முணுமுணுப்பு, கடல் தாண்டிப் போய் திரும்பி வராத அப்பா, குடும்ப ஆல்பத்துல ஒரு போட்டோதான் மிச்சம். இத எழுதின ரோஜர் வாட்டர்ஸோட நிஜ அப்பா 1944ல இத்தாலியில ஆன்ஸியோ போர்ல செத்தவர், மகனுக்கு அப்போ சில மாசம்தான் வயசு. பார்ட் 3ல வளர்ந்த ஆளு ஆத்திரத்துல டிவிய உடைச்சுட்டு எனக்கு எவனும் வேணாம்னு அதே மெட்டுல கத்துறான். மூணு செங்கல், ஒரே அச்சு. இத வரிசையா கேட்டுட்டு அப்புறம் அந்த ஸ்கூல் பாட்டக் கேளுங்க, வாத்தியார் மேல இருக்குற கோபம் மட்டும் இல்ல அதுன்னு தெரியும்.

அதுக்காக 'தி வால்' முழுசா பிடிக்கும்னு சொல்ல மாட்டேன். ரெண்டாவது எல்பில பாதி சுயபச்சாதாபம், ஒரு பணக்கார பாடகன் ஹோட்டல் ரூம்ல உக்காந்து அழுறத எவ்ளோ நேரம்தான் கேக்குறது, நடுவுல 'கம்ஃபர்டப்ளி நம்ப்' வந்து காப்பாத்திடுது. அந்தப் பாட்டு பேண்ட் கிடாரிஸ்ட் டேவிட் கில்மோரோட மெட்டுன்றது தற்செயல் இல்ல.

தி ஹூவோட இன்னொரு ஓபரா 'குவாட்ரோஃபீனியா', 1973, இதுதான் எனக்கு ரெண்டாவது இடம். 'டாமி' ஒரு நீதிக்கதைன்னா இது ஒரு நெசமான பையன். 1960கள்ல லண்டன்ல மாட்ஸ்னு ஒரு கூட்டம், நல்ல சூட்டு, பார்க்கா கோட்டு, ஸ்கூட்டர், வாரக் கடைசியில பிரைட்டன் பீச்சுல ராக்கர்ஸ் கூட்டத்தோட அடிதடி. ஜிம்மி அந்தக் கூட்டத்துல ஒருத்தன். அவனுக்கு நாலு மனசு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெட்டு, ஒவ்வொண்ணும் பேண்ட்ல ஒருத்தரோட குணம். முதல் ட்ராக்லயே கடல் அலை சத்தம், அதுக்கு நடுவுல தூரத்துலேர்ந்து நாலு மெட்டும் ஒரு வரி ஒரு வரியா காத்துல வந்து போகும். முதல் தடவ கேக்கும்போது அது ஒண்ணுமே இல்ல, சும்மா எஃபெக்டுன்னு நெனப்போம். முழு ஆல்பமும் கேட்டுட்டு திரும்ப முதல்லேர்ந்து போட்டா, எல்லாமே அங்க ஏற்கனவே இருக்கு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் 'பெல் பாய்'. ஜிம்மி எல்லாத்தையும் தொலைச்சுட்டு பிரைட்டனுக்குத் திரும்பிப் போறான், அங்க ஒரு காலத்துல அவன் கும்புட்ட மாட்ஸ் தலைவன், சும்மா கெத்தா சுத்தினவன், ஒரு ஹோட்டல்ல பெட்டி தூக்குற வேலை பாத்துக்கிட்டு இருக்கான். அந்தத் தலைவன் குரல்ல பாடுறது டிரம்மர் கீத் மூன், சுத்தமா பாடத் தெரியாத குரல், குடிகாரன் மாதிரி கோமாளி மாதிரி இழுத்து இழுத்து, முதல்ல சிரிப்பு வரும், நடுவுல ஒரு ரெண்டு வரி மட்டும் தணிஞ்சு நெசமா பேசுவான், சிரிப்பு நின்னுடும். ரசிகனா இருந்த எவனுக்கும் அந்த வலி தெரியும், நம்ம ஊர்ல கட்-அவுட் வச்சவனுக்கு இன்னும் நல்லாவே தெரியும். அப்புறம் ஜிம்மி படகத் திருடிக்கிட்டு கடல் நடுவுல ஒரு பாறைக்குப் போறான், நாலு மெட்டும் ஒண்ணு மேல ஒண்ணு மோதி ஒரு கருவியிசை, மழை, 'லவ் ரெய்ன் ஓர் மீ', பாடகர் ரோஜர் டால்ட்ரி தொண்டை கிழியக் கத்துறாரு. செத்தானா பொழைச்சானான்னு சொல்லல. சொல்லவும் வேணாம்.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடுறேன். ஜெனசிஸோட 'தி லேம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' (1974), பாடகர் பீட்டர் கேப்ரியல் அட்டைக்குள்ள பக்கம் பக்கமா கதை எழுதி அச்சடிச்சும் எவனுக்கும் புரியல, ஆனா முதல் பாட்டோட மெட்டு கடைசிப் பக்கம் திரும்பி வரும்போது புரியாமலே தொண்டை அடைக்கும், என் வாதத்துக்கு இத விட நல்ல சாட்சி கிடையாது. ஜெத்ரோ டல்லோட 'திக் ஆஸ் எ பிரிக்' (1972) இந்த மொத்த வகையையும் கிண்டல் பண்ணது, முந்தின ஆல்பத்த எல்லாரும் கான்செப்ட் ஆல்பம்னு சொல்ல, இல்லன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போன இயன் ஆண்டர்சன், சரி இந்தாங்கடான்னு ஒரே பாட்ட ரெண்டு பக்கத்துக்கு இழுத்து, எட்டு வயசுப் பையன் எழுதின கவிதைன்னு புளுகி, 12 பக்க போலி நியூஸ்பேப்பர அட்டையா போட்டாரு, கொடுமை என்னன்னா கிண்டலுக்குப் பண்ணது ஒரிஜினல் பல பேர விட நல்லா வந்துடுச்சு. ட்ரீம் தியேட்டரோட 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' (1999) ஹிப்னாடிசம், மறுஜென்மம், 1928ல ஒரு கொலைன்னு போகும், தமிழ்ப்படம் பாத்து வளந்தவன் பாதியிலயே கிளைமாக்ஸ சொல்லிடுவான், வாசிப்புக்காகக் கேக்கலாம்.

ரொம்ப வருத்தப்படுறது தி ப்ரிட்டி திங்ஸோட 'எஸ்.எஃப். சாரோ'வுக்காக. 1968 டிசம்பர்ல இங்கிலாந்துல வந்துடுச்சு, அதாவது 'டாமி'க்கு முன்னாடி, ஆனா அமெரிக்காவுல வெளியாக லேட்டாகி 'டாமி' வந்தப்புறம் வந்ததால காப்பின்னு முத்திரை குத்திட்டாங்க. ஒருத்தன் பொறக்குறதுலேர்ந்து தனியா கிழடாகுறது வரைக்கும், ஆறுதலா ஒரு வரி கிடையாது.

பிங்க் ஃப்ளாய்டோட 'டார்க் சைடு ஆஃப் தி மூன்' எங்கடான்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். அது கான்செப்ட் ஆல்பம், ஓபரா கிடையாது, அதுல ஆளே இல்ல, அது வேற பதிவு. பீட்டில்ஸோட 'சார்ஜென்ட் பெப்பர்' முதல் ரெண்டு பாட்டோட கான்செப்ட விட்டுட்டு கடைசியில ஞாபகம் வந்து திரும்ப எடுக்குது, அதுக்கு இங்க இடம் இல்ல, திட்டுறதுன்னா திட்டிக்கோங்க.

கேக்கப் போறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள், ஷஃபிள ஆஃப் பண்ணுங்க. ஃப்ரீ ஆப்ல கேட்டா பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல விளம்பரம் வந்து விழுது, யூதாஸ் கயித்த எடுக்குற நேரத்துல ஒருத்தன் வந்து லோன் வேணுமான்னு கேட்டான், எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. காசு குடுத்தோ கடன் வாங்கியோ, எவன்கிட்டயாவது சிடி இருந்தா புடுங்கியோ, 'சூப்பர்ஸ்டார்' ஆல்பத்த முழுசா ஒரு தடவ ஹெட்போன்ல கேட்டுட்டு வாங்க, அந்த கோயில் சீன் பத்தி மட்டுமே தனியா பேசலாம்.